சாணம் யாருடைய மண்ணுக்கு?

மடியும் மண்ணும் – தொடர் 7

பால் விடிந்ததும் தோட்டத்தை விட்டுப் போய்விடுகிறது. கறந்த சூடு ஆறுவதற்குள் கேனில் ஊற்றி, முச்சக்கர வண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ சேகரிப்பு நிலையத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். அங்கே கொழுப்பையும் கொழுப்பற்ற திண்மத்தையும் அளந்து புத்தகத்தில் எழுதுகிறார்கள். பாலுக்குக் கணக்கு இருக்கிறது, மாதம் முடிந்தால் காசு இருக்கிறது. அதே மாடு அன்றைக்குப் போட்ட பத்துப் பன்னிரண்டு கிலோ சாணத்துக்கு எந்தப் புத்தகமும் இல்லை. அது கொட்டிலுக்குப் பின்னால் குவிகிறது. மழை பெய்தால் கரைந்து கானுக்குள் இறங்குகிறது. சப்ரகமுவவில் மழை பெய்யாத மாதம் அரிது.

பாலின் விலையைப் பற்றிப் போன வாரங்களில் நிறையவே எழுதிவிட்டேன். இந்த வாரம் சாணத்தைப் பற்றி. முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மாடு வளர்க்கும் ஒரு தோட்டக் குடும்பம் ஏன் மாடு வளர்த்தும் முன்னேறுவதில்லை என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்தக் குவியலில்தான் கிடக்கிறது.

சுழற்சிப் பொருளாதாரம் என்று இன்று அபிவிருத்தித் திட்டங்கள் எல்லாவற்றிலும் பேசப்படுகிறது. ஓரிடத்தில் கழிவாக விழுவது அடுத்த இடத்தில் மூலப்பொருளாக வேண்டும், எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது என்பதே அதன் சாரம். தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா 1945ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில், இயற்கையிடமிருந்து எடுப்பதையும் அதற்குத் திருப்பிக் கொடுப்பதையும் வைத்தே பொருளாதாரங்களைத் தரம் பிரித்தார். காந்தியோடு சேர்ந்து கிராமக் கைத்தொழில்களுக்காக உழைத்த அவருக்கு மாடும் எருவும் பொருளியலின் நடுப்பொருள்களாகவே இருந்தன. பால் தொழிலைப் போல இந்தச் சுழற்சிக்கு இயல்பாக அமைந்த தொழில் வேறொன்று இல்லை என்பது என் எண்ணம். மனிதன் தின்ன முடியாத புல்லையும் புண்ணாக்கையும் தவிட்டையும் மாடு தின்கிறது. பாலைத் தருகிறது. மிச்சத்தை மண்ணுக்கே திருப்பித் தருகிறது. அந்த மிச்சம் மண்ணுக்குப் போய்ச் சேர்வதை மனிதர்தான் தடுத்து வைத்திருக்கிறோம்.

அரநாயக்கவை எடுத்துக்கொள்வோம். கேகாலை மாவட்டம், மாவனெல்லையிலிருந்து உள்ளே ஏறும் மலைப் பிரதேசம். அசுப்பினி எல்ல நீர்வீழ்ச்சியைப் பார்க்க வருகிறவர்களுக்கு அது பச்சைப் பசேலென்ற ஊர். அந்தப் பச்சை ஒரே பச்சை இல்லை என்பது நின்று பார்த்தால் தெரியும். ஒரு பக்கம் கிராமத்து வீட்டுத் தோட்டம்: பலா, கித்துள், கமுகு, கராம்பு, மரமேறிப் படர்ந்த மிளகு, நடுவே கொஞ்சம் தேயிலை. மறுபக்கம் வரிசை வரிசையாக இறப்பர், அல்லது சீராக வெட்டிய தேயிலை மலை. அதன் ஓரத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் கிராமமும் தோட்டமும் இப்படித்தான் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. இரண்டு பக்கமும் மாடு உண்டு. மாட்டின் சுழற்சி ஒரு பக்கத்தில் முழுமையடைகிறது, மறுபக்கத்தில் அறுந்துபோகிறது. இந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் இந்த வாரக் கட்டுரை.

முதலில் முழுமையடைகிற பக்கம். மிளகுக்கொடி படரத் தாங்குமரம் வேண்டும். இந்தப் பகுதிகளில் அதற்குப் பெரும்பாலும் கிளிரிசீடியாவை நடுகிறார்கள். தடியை வெட்டி ஊன்றினால் போதும், வேர் விட்டுவிடும். காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்து மண்ணில் சேர்க்கும் இனம் அது. கொடிக்கு வெயில் வேண்டிய காலத்தில் கிளைகளைக் கழிக்கும்போது கூடை கூடையாக இலை கிடைக்கும். அந்த இலையில் புரதம் அதிகம், உலர்எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாது. புதிய மாடு முதலில் வாசனைக்கு முகத்தைத் திருப்பும். ஒரு நாள் வாடவிட்டுப் போட்டால் பழகிக்கொள்ளும். தடி அடுப்புக்குப் போகும். மாட்டின் சாணம் மிளகுக்கொடியின் அடிக்குப் போகும். மரம், மாடு, கொடி, அடுப்பு நான்கும் ஒரே காணிக்குள் ஒன்றுக்கொன்று உணவாகின்றன. தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக இந்த மரத்தை அரசாங்கமே அங்கீகரித்திருக்கிறது. ஆனால் ஒரு காணிக்குள் நடக்கும் இந்தச் சுழற்சிக்கு யாரும் திட்டம் தீட்டவில்லை. காணி தன்னுடையது என்பதால் அந்தக் குடும்பம் தன் சாணத்தை வீணாக்குவதில்லை.

லயத்துக் குடும்பத்துக்கும் அதே மாடு, அதே சாணம். அதைப் போடுவதற்குத் தன் மண் என்று ஒரு பிடி இல்லை.

இந்த மலைகளில் சாணத்துக்கு மதிப்பில்லாத காலம் என்று ஒன்று முன்பு இருந்ததில்லை. தேயிலைக்கு முன் இங்கே கோப்பி இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கோப்பித் துரைமார் எருவுக்காகவே மாட்டுப் பட்டிகளை வைத்திருந்தார்கள். மானாப் புல்லை வெட்டித் தொழுவத்தில் படுக்கையாகப் போடுவார்கள். சாணமும் மூத்திரமும் ஊறி அது எருவானதும் சுமந்துபோய்ச் செடியடியில் இடுவார்கள். சுமந்தவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியை அழித்தது. பின்னர் தேயிலையும் இறப்பரும் வந்தன, காலப்போக்கில் மூட்டைப் பசளையும் வந்தது. தோட்டத்துக்குப் பட்டி தேவைப்படவில்லை. மாடு தொழிலாளியின் சொந்த விஷயமாக, நிர்வாகம் கண்டும் காணாமல் விட்டுவைக்கிற ஒன்றாக மாறியது. இன்றைக்கும் பல தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் கொட்டில் போடுவது ஒரு வாய்வார்த்தை அனுமதிதான். துரை மாறினால் அனுமதியும் மாறலாம்.

இப்போது கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு மாடு நாளுக்கு 12 கிலோ சாணம் என்றால் ஆண்டுக்கு நாலேகால் தொன்னுக்கு மேல். அதில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். ஆனாலும் ஏறக்குறைய 15 கிலோ நைதரசன் அதற்குள் இருக்கிறது. யூரியாவாகக் கணக்கிட்டால் 30 கிலோவுக்கு மேல். மூத்திரத்தையும் சேர்த்துப் பிடித்தால் இன்னும் கூடும். மூத்திரத்தை யாரும் பிடிப்பதில்லை. அது மண் தரையில் ஊறி, அமோனியாவாகப் பறந்துவிடுகிறது. கொட்டிலுக்குள் நுழைந்ததும் கண் எரிகிறதே, அந்தக் கண்ணெரிச்சல்தான் பறந்துபோகும் பசளை.

இதை வைத்து இரசாயனப் பசளையே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நல்ல விளைச்சல் தரும் தேயிலை ஒரு ஹெக்டயருக்கு ஆண்டில் 200 கிலோவோ அதற்கு மேலோ நைதரசன் கேட்கும். பத்துப் பதினைந்து மாடு இருந்தால்தான் ஒரு ஹெக்டயரின் பசி தீரும். அவ்வளவு மாடு எந்தத் தோட்டத்திலும் இல்லை. இந்த எளிய கணக்கைப் பார்க்காமல்தான் 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் தடைசெய்தார்கள். அதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத சாணத்தை நாடு முழுவதும் தேடத் தொடங்கினார்கள். கூட்டெரு ஒரு வாரத்தில் ஆகிற காரியமா? ஆகவில்லை. சேதனப் பசளையையும் கப்பலில் இறக்கப் போனார்கள். சீனாவிலிருந்து வந்த கப்பலின் சரக்கில் தீங்கான நுண்ணுயிர் இருப்பதாகத் தாவரத் தனிமைப்படுத்தல் பிரிவு கண்டறிந்து திருப்பி அனுப்பியது. இறக்காத அந்தப் பசளைக்காகப் பிறகு 67 இலட்சம் டொலர் கொடுக்க வேண்டிவந்தது. நவம்பரில் தடையை நீக்கினார்கள். 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது.

அந்தத் தடை செய்த பெரிய கெடுதல், சேதனப் பசளை என்ற பேச்சையே மக்கள் சந்தேகத்தோடு கேட்கும்படி ஆக்கியது. மண்ணுக்கு உக்கிய பொருள் வேண்டும் என்பதில் எந்தப் பிழையும் இல்லை. நூறு வருடத்துக்கு மேல் ஒரே பயிர் நின்ற சரிவு மண், சத்தை மட்டுமல்ல தண்ணீரைப் பிடித்து வைக்கும் தன்மையையும் இழந்திருக்கிறது. அதை மூட்டைப் பசளை திருப்பித் தராது, எரு தரும். மூட்டையும் எருவும் சேர்ந்து போக வேண்டியவை.

அதே காலத்தில் சமையல் எரிவாயுவும் போனது. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரல் முடிவில் 4,860 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்காமல் நகரங்களில் மக்கள் வெறும் சிலிண்டரோடு வீதியில் நின்றார்கள். 400 கிராம் பால்மா 790 ரூபாவைத் தொட்டது. பசளை, எரிவாயு, பால்மா மூன்றும் கப்பலில் வரும் பொருள்கள். மூன்றும் ஒரே நேரத்தில் அற்றுப்போயின. மூன்றுக்கும் ஒரு பகுதி மாற்று, கேகாலை மாவட்டத்து லயங்களின் பின்புறக் கொட்டில்களிலேயே நின்றுகொண்டிருந்தது.

எரிவாயுக் கணக்கைச் சொல்கிறேன். 25 கிலோ சாணத்தை அதே அளவு தண்ணீரில் கரைத்து, காற்றுப் புகாத தொட்டியில் விட்டால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு கனமீற்றர் உயிர்வாயு கிடைக்கும். நம் வெப்பநிலையில் சாணம் தொட்டிக்குள் நாற்பது நாளளவு தங்கினால் போதும். கிடைக்கும் வாயுவில் பாதிக்கு மேல் மெதேன். சிலிண்டர் வாயுவில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான அளவுக்கு அது ஈடு. இரண்டு மாட்டின் சாணம், அடுப்புக்கு மாதம் ஒரு 12.5 கிலோ சிலிண்டர். லயத்துச் சமையலறையில் புகையோடு முப்பது வருடம் நின்ற பெண்ணிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். விறகு பொறுக்க மலையேறுவதும் அவள்தான், புகை குடிப்பதும் அவள்தான்.

வாயுவை எடுத்துவிட்டால் எருவின் சத்து போய்விடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல கேள்வி. வாயுவாக வெளியேறுவது பெரும்பாலும் கரியும் ஐதரசனும் ஒட்சிசனும்தான். நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம் எல்லாம் தொட்டியிலிருந்து வழியும் கரைசலிலேயே தங்கிவிடும். நைதரசனில் ஒரு பகுதி செடி உடனே எடுத்துக்கொள்ளும் நிலைக்கும் மாறியிருக்கும். வறட்டி தட்டி எரித்தால்தான் சத்து போகும். வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் குவித்து வைத்தால் அதைவிட மோசம். சத்தும் போகும், மெதேனும் ஆகாயத்துக்குப் போகும். மெதேன் கரியமில வாயுவைவிட நூறாண்டுக் கணக்கில் 27 மடங்குக்குக் குறையாமல் பூமியைச் சூடாக்குவது. தொட்டிக்குள் பிடித்து அடுப்பில் எரித்தால் சமையலும் ஆகும், சூடும் குறையும்.

இலங்கைக்கு இந்தத் தொட்டி புதிதல்ல. 1970களிலிருந்தே கட்டுகிறார்கள். சீன மாதிரியில் நிலத்தடிக் குவிமாடம், இந்திய மாதிரியில் மிதக்கும் மூடி என்று பல வகை வந்தன. ஜா-எலவுக்கு அருகே ஏக்கலையில் இருக்கும் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம், வைக்கோலையே தொகுதி தொகுதியாக இட்டு வாயு எடுக்கும் உலர் முறையையும் உருவாக்கியது. அறிவுக்கு நாட்டில் குறையில்லை. ஆனாலும் கட்டிய தொட்டிகளில் பெரும்பகுதி சில வருடங்களில் கைவிடப்பட்டது. குவிமாடம் வெடித்தால் பூச ஆளில்லை. மாட்டை விற்றதும் தொட்டி காய்ந்தது. திறப்பு விழாவுக்கு வந்த அதிகாரிகள் திருத்த வேலைக்கு வரவில்லை. பக்கத்தில் இறப்பர் விறகு சும்மா கிடைக்கிற இடத்தில் தினமும் சாணம் கரைக்க யாருக்கு மனம் வரும் என்ற கேள்வியும் நியாயமானதே. 2022 அந்தக் கேள்வியின் வலுவைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது.

இதையெல்லாம்விடப் பெரிய தடை நிலம். அரநாயக்கவுக்கு மட்டும் இது பொருந்துவதில்லை, மலையகம் முழுவதற்கும் பொருந்தும். 1972, 1975 நிலச் சீர்திருத்தத்தோடு பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. 2045 வரை 53 வருடக் குத்தகை. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, கொட்டில் மட்டும் தொழிலாளியுடையது. சீர்திருத்தக் காலத்தில் சப்ரகமுவவிலும் மத்திய மலைநாட்டிலும் சில தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கிராமத்தவருக்குப் பகிரப்பட்டபோது, குடியுரிமை மறுக்கப்பட்டிருந்த நம்மவர் வரிசையிலேயே நிற்க முடியவில்லை. கிராமத்து வீட்டுக்காரர் பத்து மிளகுக்கொடிக்குச் சாணம் போடுவதற்கும் லயத்துக்காரர் சாணத்தைக் கானில் தள்ளுவதற்கும் நடுவே இருப்பது இந்த வரலாறுதான். சோம்பலோ அறியாமையோ அல்ல. நம் மக்களுக்குச் சுகாதாரம் தெரியாது என்று சொல்லும் அதிகாரிகள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

லயத்துக் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணியில் தனி வீடு வந்தால் சரியாகிவிடுமே என்பார்கள். வரட்டும், வர வேண்டும். 7 பேர்ச் என்றால் 177 சதுர மீற்றர். வீடு கட்டி, மலசலகூடம் வைத்து, நடக்க வழி விட்டால் மிஞ்சுவது கொடி கட்டித் துணி உலர்த்தும் இடம். ஒரு கறவை மாட்டுக்கு நல்ல புல் வேண்டுமென்றால், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கி இலங்கையெங்கும் பரவியிருக்கும் கோ-3 புல்லை நட்டாலும் இருபது, இருபத்தைந்து பேர்ச் வேண்டும். அதற்கு மேல் கொட்டில், தொட்டி. ஆகவே வீட்டுக் காணியோடு மாட்டுக் காணியையும் சேர்த்துப் பேசினால்தான் சுழற்சி என்ற பேச்சுக்குப் பொருள் இருக்கும்.

குஜராத்தில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஆனந்த் மாவட்டத்து ஜகரியாபுரா என்ற கிராமத்தில், இந்தியாவின் தேசிய பால்பண்ணை மேம்பாட்டு வாரியம் வீடுகளுக்குச் சிறு உயிர்வாயுக் கலன்களை அமைத்துக் கொடுத்தது. பெண்கள் சமையலுக்கு வாயுவை வைத்துக்கொள்கிறார்கள். தங்கள் வயலுக்குப் போக மிஞ்சும் கரைசலை அவர்களுடைய கூட்டுறவுச் சங்கமே தரம் பார்த்துக் காசு கொடுத்து எடுக்கிறது. அது பதப்படுத்தப்பட்டுப் பசளையாக விற்கப்படுகிறது. பாலுக்கு ஒரு புத்தகம் போல எருவுக்கும் ஒரு புத்தகம். இன்னும் வடக்கே பனாஸ்காந்தாவில், பனாஸ் பால் ஒன்றியம் தாமா என்ற ஊரில் நாளுக்கு 40 தொன் சாணத்தை விவசாயிகளிடமிருந்து வாங்கி வாகனங்களுக்கு எரிவாயு தயாரிக்கிறது. சுசுகி நிறுவனமே அங்கே முதலீடு செய்ய வந்திருக்கிறது. அந்த அளவு நமக்குப் பொருந்தாது. அவர்களுடைய சமவெளியும் பால் அளவும் வேறு. ஜகரியாபுரா பொருந்தும்.

அங்கே பயன்படுவது செங்கல் குவிமாடம் இல்லை. தடித்த, மடக்கக்கூடிய பை. ஆழமாகத் தோண்ட வேண்டியதில்லை, இடம் மாறினால் பிரித்துக்கொண்டு போகலாம். நாளைக்கு இந்த இடத்தில் இருப்போமா என்று தெரியாத குடும்பத்துக்கு இது சிறிய விஷயமல்ல. கூர்மையான தடி குத்தினால் பை கிழியும், மாடு மிதித்தாலும் கிழியும். சுற்றி வேலி வேண்டும்.

ஆழமாகத் தோண்ட வேண்டாம் என்பதில் அரநாயக்கவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2016 மே 17 அன்று இங்கே சாமசர மலை சரிந்தது. சிறிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே என்ற மூன்று கிராமங்கள் மண்ணுக்குள் போயின. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள், பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அதே நாளில் அதே மாவட்டத்தின் புலத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயமும் புதைந்தது. சரிவில் எதைச் செய்தாலும் தண்ணீர் எங்கே போகும் என்று முதலில் கேட்க வேண்டும் என்பதை இந்த மாவட்டம் உயிர் கொடுத்துக் கற்றிருக்கிறது. கொட்டில் போட மலையைச் செங்குத்தாக வெட்டுவதும், கழுவும் தண்ணீரை மேட்டில் தேங்கவிடுவதும் தவறு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனை வீட்டுக்கு மட்டுமல்லாமல் கொட்டிலுக்கும் தொட்டிக்கும் கிடைக்க வேண்டும். புல்லையும் கிளிரிசீடியாவையும் சமவுயரக் கோடுகளில் இரட்டை வேலியாக நட்டால் மேல்மண் நிற்கும், மாட்டுக்குத் தீனியும் ஆகும். பெரிய மலைச்சரிவை வேலி தடுக்காது. வருடா வருடம் கழுவிப்போகும் மேல்மண்ணைத் தடுக்கும்.

எலிக்காய்ச்சலையும் சொல்லாமல் விட முடியாது. இரத்தினபுரியும் கேகாலையும் அந்த நோய் அதிகம் பதிவாகும் மாவட்டங்கள். பெயர் எலியினுடையதாக இருந்தாலும் மாட்டின் மூத்திரத்திலும் அந்தக் கிருமி இருக்கலாம். சேறான கொட்டிலில் வெறுங்காலோடு சாணம் அள்ளுகிறவர்களுக்கு ஆபத்து. தரையைச் சீமெந்திட்டு, மூத்திரத்தை ஒரு வாய்க்காலில் தொட்டிக்குள் விட்டால் பசளையும் மிச்சமாகும், காலும் காயும். கம்பனிகள் லயத்துக்குச் செலவிடுவதில் இந்தச் சீமெந்துத் தரை சிறு தொகைதான்.

பால் ஆலைகள் பக்கம் நீளமாகப் போக நான் விரும்பவில்லை. கழுவும் தண்ணீரைச் சுத்திகரித்து மீளப் பயன்படுத்துவது, சீஸ் செய்தால் மிஞ்சும் மோர்நீரை வீணாக்காமல் இருப்பது ஆகியவை பெரிய நிறுவனங்களுக்குத் தெரிந்த வித்தை, சட்டமும் அவர்களைக் கேட்கும். யோகட் விற்கும் பிளாஸ்டிக் கோப்பைகள் கான்களை அடைப்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. அதற்கு மாற்று பக்கத்திலேயே இருக்கிறது: கொழும்பு–கண்டி வீதியில் கேகாலையைத் தாண்டி மொலகொடவில் இன்றும் மட்பாண்டம் செய்கிறார்கள். நம் நாட்டில் தயிர் இன்னும் சட்டியில் விற்கப்படுகிறது. சட்டி தயிரின் நீரை உறிஞ்சிக் கட்டியாக்கும். தயிர் தீர்ந்த சட்டியில் கறிவேப்பிலைக் கன்று வைக்காத வீடு எங்கள் பக்கம் குறைவு.

உலகத்தைப் பார்த்தால் ஒரு விசித்திரமான பங்கீடு தெரிகிறது. நெதர்லாந்து இலங்கையைவிடச் சிறிய நாடு. அங்கே ஏறக்குறைய 15 இலட்சம் கறவை மாடுகள். தீனியில் ஒரு பங்கு கடல் கடந்து வருகிறது, சாணம் அங்கேயே விழுகிறது. மண் ஏற்றுக்கொள்ள முடியாத அளவு நைதரசன் சேர்ந்து, 2019இல் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம் குறுக்கிட வேண்டியதாயிற்று. அவர்களுக்குச் சாணம் மிஞ்சிய துன்பம். நாமோ பெரும்பாலும் நியூசிலாந்துப் பால்மாவைக் குடிக்கிறோம். அந்தப் பாலைத் தந்த மாட்டின் சாணம் நியூசிலாந்து மண்ணில் கிடக்கிறது. பாலை இறக்குமதி செய்கிற நாடு, பாலோடு வந்திருக்க வேண்டிய எருவையும் வாயுவையும் இழந்து, அவற்றையும் தனித்தனிக் கப்பலில் வாங்குகிறது. உள்நாட்டுப் பாலின் விலையைப் பால்மா விலையோடு ஒப்பிடும் பொருளியலாளர்கள் இந்த இழப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் லயத்து மாடு அவர்கள் நினைப்பதைவிட மலிவாகப் பால் தருவது தெரியவரும்.

என்ன செய்யலாம்? தோட்டக் கம்பனிகளுக்கு என் வேண்டுகோள் நேரானது. மாடு வளர்க்கும் குடும்பங்களுக்குக் கொட்டிலுக்கும் புல்லுக்கும் இடத்தைக் குறித்து, எழுத்தில் கொடுங்கள். குத்தகைக் காலம் முடியும்வரை செல்லுபடியாகும் எழுத்து. பயிர் நிற்காத ஓரங்களும் ஓடைக் கரைகளும் எல்லாத் தோட்டத்திலும் இருக்கின்றன. உங்கள் மலைக்கு வேண்டிய எருவில் ஒரு பங்கை, லயத்துப் பெண்களிடமிருந்து எடை பார்த்து, தரம் பார்த்து, காசு கொடுத்து வாங்குங்கள். துறைமுகத்திலிருந்து மூட்டை ஏற்றிவரக் கொடுக்கும் லொறிக் கூலியை நினைத்துப் பார்த்தால் இது உங்களுக்கும் இலாபமே. சும்மா எடுத்துக்கொள்ளாதீர்கள். சாணத்துக்குக் காசு வந்தால்தான் அதை மழையில் நனையாமல் கூரை போட்டுக் காப்பார்கள்.

தோட்டங்களில் ஏற்கெனவே தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் வழியாக வீட்டுக் கடன் கொடுத்து வாங்கிப் பழகியவை அவை. எருவுக்கு ஒரு புத்தகம் திறக்கப் புதிய அமைப்பு ஒன்றும் தேவையில்லை. அந்தச் சங்கத்திலேயே திறக்கலாம். உறுப்பினர் பெயர் பெண்ணின் பெயராக இருக்கட்டும். வேலை செய்பவள் அவள். தொட்டியைத் திருத்தத் தெரிந்த இளைஞர் ஒருவரைத் தோட்டத்துக்கு ஒருவராகவாவது பயிற்றி, மாதச் சம்பளத்தோடு வைக்க வேண்டும். முன்பு கைவிடப்பட்ட தொட்டிகள் தந்த பாடம் இந்த ஓர் ஆளைப் பற்றியதுதான்.

மலையகத்தின் பேரில் பாராளுமன்றத்துக்குப் போனவர்களுக்கும் ஒரு சொல். 7 பேர்ச்சைப் பற்றிப் பேசும்போது மாட்டுக் காணியையும் பேசுங்கள். கம்பனிகளின் குத்தகை 2045இல் முடிகிறது. அதற்குப் பிறகு நிலம் யாருக்கு, எந்த நிபந்தனையில் என்று இப்போதிருந்தே எழுதத் தொடங்கினால்தான் அந்த எழுத்தில் நம் மக்களுடைய கொட்டிலுக்கும் ஓரிடம் இருக்கும்.

வாசகர்களில் தோட்டத்தில் மாடு வைத்திருப்பவர்கள் இந்த வாரமே செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. சாணக் குவியலை மேட்டுப் பக்கமாக, கானிலிருந்து தள்ளி மாற்றுங்கள். நான்கு கம்பு நட்டு, பழைய தகரத்தையோ கிடுகையோ மேலே போடுங்கள். மழை படாத எரு, மழையில் நனைந்த எருவைவிட எவ்வளவோ சத்துள்ளது. நாளைக்கு விலை பேசும்போது கையில் நல்ல சரக்கு இருக்க வேண்டும்.

(தொடரும்)